குடம் நடந்த தெரு: இடப்பெயர்வும் நினைவும் நகரவெளியும் குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஒகேனக்கலுக்கும் மாதேசுவரன் மலைக்கும் இடைப்பட்ட காட்டுப்பகுதியில், காவிரியை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் கோபிநத்தம். இவ்வூர் மக்களுள் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. அவ்வட்டத்துள் அடங்கியிருந்த கோபிநத்தமும் உடன் சென்றது. நெடுங்காலம் மைசூர் மாவட்டத்தில் இருந்த அது, 1997இல் சாமராசநகர் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கிற்று. முந்தைய நாள் சென்னை மாநிலத்துக் குடிமகனாக உறங்கியவர் மறுநாள் மைசூர் மாநிலத்துக் குடிமகனாக விழித்தார். அவர் வீட்டை விட்டு வெளியேறவில்லை. கோடு அவர் வீட்டைக் கடந்து சென்றது.

இதற்கு நேர் மறுதலையான நிலையும் அதே பழைய கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே உண்டு. தாளவாடிப் பகுதியின் கன்னட மொழி பேசும் ஊர்கள் தமிழகத்திலேயே தங்கின. கன்னடத் திரையுலகின் தலைமை நடிகர் ராஜ்குமாரின் ஊரான தொட்டகாசனூர் அவற்றுள் ஒன்று. 2000 சூலை 30 அன்று அவ்வூரிலிருந்து அவர் கடத்தப்பட்டார். கடத்தியவர் கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன். கன்னடரின் ஊர் தமிழகத்திலும் தமிழரின் ஊர் கருநாடகத்திலும் இருக்க, இரண்டிற்கும் இடைப்பட்ட காட்டில் 108 நாட்கள் நிகழ்ந்தது பெங்களூர் நகரத்தை உலுக்கியது.

அப்போது விடுக்கப்பட்ட கோரிக்கைகளுள் ஒன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. பெங்களூரில் மூடிக்கிடக்கும் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பது அது. அக்கோரிக்கையின் பின்னிருக்கும் வினா, கோரியவரின் குற்றங்களால் செல்லாததாகிவிடாது. ஓரிடத்திற்கு வந்து சேர்ந்தவர்களின் நினைவுக்கு, அவ்விடத்தின் பொதுவெளியில் அறவழிப்பட்ட உரிமை உண்டா? உண்டெனில் அதனை எவ்வகையில் கோருவது முறை? இவ்வினாவைப் பெங்களூரின் கரகத் திருவிழாவைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் திணையும்

புலம்பெயர்தல் என்னும் சொல்லாட்சி புதியதன்று. பட்டினப்பாலை புகார் நகரை விவரிக்கும்போதே, தத்தம் நிலம் விட்டு வந்து பல மொழி பேசுவோர் இனிது கலந்து வாழ்ந்ததைக் கூறுகிறது. அந்நகரின் பெருமைகளுள் ஒன்றாகவே அது எண்ணப்படுகிறது என்பது கருதத்தக்கது. வந்தவரை ஏற்றல் நகரின் குறையாகப் பழம்புலவருக்குத் தோன்றவில்லை.

இதனினும் ஆழமான கருத்தொன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உள்ளது. திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், ஆனால் நிலங்கள் மயங்குதல் இல்லை என்கிறார் தொல்காப்பியர். உரையாசிரியர்கள் இதனை அகப்பாடல் மரபுக்குரிய விதியாகவே விளக்கினர். இவ்விதியை இடப்பெயர்வின் பின்னணியில் பொருத்திப் பார்ப்பது உரைமரபுக்கு உட்பட்டதாகாது, ஆயினும் பயனற்றதாகாது. இடம்பெயர்பவர் தம் நிலத்தைச் சுமந்து செல்ல இயலாது. தம் தெய்வத்தையும் பறையையும் தொழிலையும், அதாவது கருப்பொருளின் ஒரு பகுதியை, எடுத்துச் செல்லலாம். பிரிவும் இரங்கலும் ஆகிய உரிப்பொருளும் உடன்செல்லும். முதற்பொருள் மட்டும் பின்தங்கிவிடுகிறது. வேற்று நிலத்தின் மீது தம் கருவையும் உரியையும் பொருத்த வேண்டிய இக்கட்டில் பிறப்பதே இடம்பெயர்ந்தோரின் நிகழ்த்துகலை எனலாம்.

திகளரும் கரகமும்

பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில், திகளர்பேட்டையில், தருமராயசுவாமி கோயில் உள்ளது. பெயர் தருமனுக்குரியதாயினும் விழா திரௌபதிக்குரியது. விழாவை நடத்துவோர் திகளர். தோட்டத் தொழிலில் தேர்ந்த இச்சமூகத்தினர் தமிழ்நிலத்திலிருந்து வந்தவர்கள் என்பது ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் கருத்து. ஐதர் அலி காலத்தில் லால்பாக் தோட்டம் அமைந்தபோது வந்தனர் எனச் சிலரும், அதற்கு முன்னரே பேட்டையைச் சூழ்ந்த ஏரிகளை நம்பிக் குடியேறினர் எனச் சிலரும் கூறுவர். திகளர் என்ற சொல்லே சுவையானது. கன்னடத்தில் அது தமிழரைக் குறிக்க வழங்கியது. கிரந்தத்தினின்று கிளைத்த எழுத்தொன்றுக்குத் திகளாரி என்ற பெயர் வழங்குவதும் அறிஞர் அறிந்ததே. ஆக, அயலாரைச் சுட்ட ஊரார் இட்ட பெயரே ஒரு சமூகத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

சைத்திர மாதத்து முழுநிலவு நாள் நள்ளிரவில் கரகம் கோயிலை விட்டு எழுகிறது. அதனைச் சுமப்பவர் சமூகத்தின் பூசாரி மரபைச் சேர்ந்த ஆடவர். பெண்ணுக்குரிய சேலை, வளை, தாலி ஆகியன பூண்டு, மல்லிகையால் மூடிய கரகத்தைக் கையால் தொடாது தலையில் தாங்கி, ஓட்டமும் நடையும் ஆட்டமுமாகச் செல்கிறார். உருவிய வாளேந்திய வீரகுமாரர்கள் அவரைச் சூழ்ந்து வருகின்றனர். கரகம் நழுவி விழுமாயின் சுமப்பவரை அவ்வாட்களே வீழ்த்தும் என்பது மரபுவழிச் செய்தி. பேட்டையின் குறுந்தெருக்களில் பல கோயில்களின் வாயில்களில் நின்று, அவ்வழியே தவக்கல் மஸ்தான் தர்காவிற்கும் சென்று, விடியலில் கரகம் திரும்புகிறது.

விழாவின் தொன்மக் கதை நுட்பமானது. பாரதப் போர் முடிந்து பாண்டவர் விண்ணுலகம் செல்லும் வேளையில் திரௌபதி திமிராசுரன் என்னும் அரக்கனை எதிர்கொள்கிறாள். அவனை எதிர்க்கத் தன் உடலினின்று வீரகுமாரர்களைத் தோற்றுவிக்கிறாள். போர் முடிந்ததும் தம்மை விட்டுச் செல்ல வேண்டா என அவர்கள் மன்றாட, ஆண்டுக்கொருமுறை வந்து செல்வதாக வாக்களிக்கிறாள். ஆகத் தெய்வமும் இங்கு நிலையாகத் தங்குவதில்லை. பிரிந்து, திரும்பி, மீண்டும் பிரிகிறாள். ஊர்விட்டு வந்தோர் பிரிந்து மீளும் தெய்வமொன்றைத் தம் தெய்வமாகப் போற்றியதில் வியப்பில்லை.

தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் சக்திக் கரகம், ஆட்டக் கரகம் என இரண்டு பகுக்கப்படுவது மரபு. பெங்களூர்க் கரகம் முதல்வகையினது. ஆயினும் அதன் நடையை ஆட்டத்தினின்று பிரிக்க இயலாது. சிலப்பதிகாரக் கடலாடு காதை மாதவி ஆடிய பதினோராடல்களைக் கூறுமிடத்தில் குடக்கூத்தும் பேடியாடலும் இடம்பெறுகின்றன. குடக்கூத்து, சிறைப்பட்ட பேரனை மீட்கும்பொருட்டு மாயோன் வாணனின் பெருநகர்த் தெருவில் ஆடியது. பேடியாடல், காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடியது. குடமும் பெண்கோலமும் நகரத் தெருவும் ஒருங்கே அமைந்துள்ளமையால், கரகத்தின் வேரைச் சிலம்பிலேயே காணும் ஆர்வம் எழக்கூடும். அது பிழை. ஒப்புமை வேறு, தொடர்ச்சி வேறு. இடையிலுள்ள நூற்றாண்டுகளை நிரப்பச் சான்றுகள் இல்லை. ஆயினும் வேற்றவன் ஒருவன் பிறர் நகரத்துத் தெருவில் குடம் கொண்டு ஆடித் தன்னவரை மீட்பது என்னும் கற்பனை, பண்டைத் தமிழ் மனத்திற்கு அயலானதன்று என்றமட்டில் கொள்ளலாம்.

மறந்த ஏரியை நினைக்கும் குடம்

திகளரின் விழா, நகரத்தார் கைவிட்ட நீர்நிலைகளை நினைவில் வைத்திருக்கிறது. பெங்களூர் ஏரிகளால் வாழ்ந்த நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொலைவிலிருந்து குழாய்வழி நீர் வரத் தொடங்கியபின் அவ்வேரிகள் பயனிழந்தன. பயனிழந்தவை இடமாகக் கருதப்பட்டன. தர்மாம்புதி ஏரி கெம்பேகவுடா பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரியில் கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்தது. இரண்டாவது ஏரி முற்றும் அழியவில்லை. சிறு குளமொன்று விளையாட்டரங்கின் அருகே விடப்பட்டுள்ளது. அது எஞ்சியதற்குக் காரணம் கரகச் சடங்கு. ஹசி கரகம், அதாவது பச்சைக் கரகம், நீர்நிலையோடு பிணைந்தது; நீரின்றிச் சடங்கில்லை.

ஸ்மிருதி ஸ்ரீனிவாஸ் 2001இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்திருவிழாவை நகர நினைவின் நிலக்காட்சியாகக் காண்கிறது. ஏரிகள், தோட்டங்கள், பேட்டைகள் என்னும் பழைய நகரத்தின் உருவம் விழாவின் பாதையில் ஆண்டுதோறும் மீட்டெழுதப்படுகிறது என்பது அந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று. பால் கானர்ட்டன் 1989இல் கூறிய உடல்வழி நினைவு என்னும் கருத்தும், ஆவணத்திற்கும் நிகழ்த்தல் வழக்கிற்கும் டயானா டெய்லர் 2003இல் காட்டிய வேறுபாடும் இங்கு ஒளியூட்டுகின்றன. நகராட்சி ஆவணத்தில் ஏரி இல்லை. கரகம் சுமப்பவரின் காலில் ஏரி இருக்கிறது. ஆயின் இவ்வறிஞர்கள் நினைவு எவ்வாறு இயங்குகிறது என்று விளக்குவதோடு அமைகின்றனர். அந்நினைவு பிறரிடம் எதனைக் கோரலாம் என்னும் அறவினா எஞ்சி நிற்கிறது.

அவ்வினாவிற்கு வழக்கமாக இரு விடைகள் தரப்படுகின்றன. முதலில் வந்தவருக்கே மண் உரியது என்பது ஒன்று. இதன்படி, திகளரின் உரிமை அவர்கள் எந்த நூற்றாண்டில் வந்தனர் என்பதைப் பொறுத்தது. இச்சமூகத்தின் தொன்மை பற்றிய வாதங்கள் சூடேறுவதற்கு இதுவே காரணம். பயன்பாட்டால் உரிமை வரும் என்பது மற்றொன்று. தோட்டமிட்டோரும் வீடு கட்டியோரும் உழைப்பால் உரிமை பெறுவர் என்பது இதன் கருத்து. முன்னது காலத்தையும் பின்னது உழைப்பையும் அளவுகோலாகக் கொள்கின்றன. இரண்டும் இடத்தை உடைமையாகவே காண்கின்றன.

கரகம் வேறொன்றைச் செய்கிறது. அது தெருவை உடைமையாகக் கோரவில்லை. ஓரிரவு கடந்து செல்கிறது. பிறர் வாயிலில் நிற்கிறது, அவர்கள் அதனை எதிர்கொள்கின்றனர், பின் நகர்கிறது. விழா அத்தெருவாருக்கும் உரியதாகிறது. தர்காவிற்குச் செல்லும் வழக்கத்திலும் இதுவே காணக்கிடக்கிறது. 2022இல் அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் எனச் சில அமைப்பினர் குரலெழுப்பியபோது, மரபுப்படியே செல்லும் எனக் கோயில் நிருவாகத்தினர் அறிவித்தனர். கரகத்தின் பாதை சமூகத்தாரின் தனிச்சொத்தாயின் அதனை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு, கடனாயின் இல்லை. அவர்கள் தம் பாதையைக் கடனாகக் கருதினர் என்றே கொள்ள வேண்டும். நினைவை உரிமையாகக் காண்பதற்கும் கடனாகக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. உரிமை, பிறர் தமக்குச் செய்ய வேண்டியதைக் கூறும். கடன், தாம் இடத்திற்குச் செய்ய வேண்டியதைக் கூறும். சம்பங்கிக் குளத்தை நகரம் காத்ததற்குக் காரணம் திகளர் அதனைத் தம்முடையது என்றதன்று. அதனிடத்தில் தாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்றதே.

நின்ற சிலை

இங்குத் திருவள்ளுவர் சிலையின் வரலாற்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். அல்சூர் ஏரியை ஒட்டி அமைக்கப்பட்ட அச்சிலை 1991இல் திறக்கப்பட இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு திசம்பரில் காவிரி நடுவர் மன்ற இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். பலர் நகரை விட்டு வெளியேறினர். சிலை மூடப்பட்டே நின்றது. 2009 ஆகத்து 9 அன்று தமிழக முதல்வர் மு. கருணாநிதி, கருநாடக முதல்வர் எடியூரப்பாவின் முன்னிலையில் அதனைத் திறந்துவைத்தார். நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு சிலை மூடியிருந்த அதே காலத்தில், தமிழ்நிலத்து மூலங்கொண்ட கரகம் அதே நகரின் தெருக்களில் ஆண்டுதோறும் சென்றுகொண்டிருந்தது. நகரமே திரண்டு அதனைக் கண்டது.

சிலை நிற்பது. நிற்பதால் இடத்தைக் கொள்கிறது. கொள்வதால் மறுப்புக்கு உள்ளாகிறது. கரகம் கடப்பது. இவ்விளக்கம் எளிதாக மனத்தில் பதியும். ஆயின் அது முழுமையானதன்று என்பதையும் கூறியாக வேண்டும். கரகத்தை நகரம் ஏற்றதற்கு அது நடப்பது மட்டும் காரணமன்று. அது தமிழ் என்னும் பெயரில் நடப்பதில்லை என்பதும் காரணம். திகளர் இன்று கருநாடகத்துச் சமூகமாகவே தம்மை அடையாளப்படுத்திக்கொள்கின்றனர். அவர்களைத் தமிழர் என்று மட்டும் குறிப்பது அவர்களின் பல தலைமுறை வாழ்வை மறுப்பதாகும். சிலையோ மொழியின் பெயராலேயே நின்றது. பெயரைக் கைவிட்டால் ஏற்போம், பெயரோடு வந்தால் மறுப்போம் என்று நகரம் கூறியதாகக் கொண்டால், கரகத்தின் வெற்றி ஓர் இழப்பின் மறுபக்கமாகிவிடும். இவ்வையத்தை முற்றும் தள்ளிவிட இயலாது. ஏற்றுக்கொள்ளப்படுதலின் விலை என்ன என்பதை ஏற்பவர் எண்ணிப்பார்ப்பதில்லை.

வேறு ஐயங்களும் உண்டு. தெய்வம் பெண், அவளாகக் கோலங்கொள்பவர் ஆண், வாளேந்துவோரும் ஆடவர். சமூகத்துப் பெண்கள் கரகம் சுமப்பதில்லை. ஆகவே நகரத்தின் நினைவு என்று போற்றப்படுவது, அந்நகரில் குடியேறியோரின் செம்பாதியை விலக்கிய நினைவு. மேலும், ஒரு சிறு குளத்தைச் சடங்கிற்கென விட்டுவைத்த நகரம், பேரேரியை அழித்த குற்றத்தினின்று எளிதில் தப்பிவிடுகிறது என்றும் வாதிடலாம். சடங்கு நினைவூட்டுவதோடு ஆறுதலும் தந்துவிடுகிறது. நிகழ்த்துகலையைப் போற்றும் ஆய்வுகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன.

கரகத்தை ஒத்த நிகழ்வுகள் பிற நிலங்களிலும் உள்ளன. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தென்பாலச் சாலை மாரியம்மன் கோயில்வரை தீமிதிக்குரியோர் நடந்து செல்வதும் திரௌபதி வழிபாடே. இலங்கை மலையகத்தில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து இன்னும் கூர்மையான சான்று. தேயிலைத் தோட்டத்தின் எந்த அடியும் தொழிலாளருக்குச் சொந்தமன்று. வசித்த லயமும் தோட்டத்துடையது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டையும் அவர்களுக்கு இல்லாததாக்கிற்று. அத்தகைய நிலத்தில் காமன் பொட்டல் என ஓரிடத்தைக் குறித்து, எரிந்த காமன் மீண்டெழுவதை அவர்கள் ஆடினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியா திரும்பியவர்களுள் ஒரு பகுதியினர் கருநாடகத்தின் புத்தூர், சுள்ளியா பகுதி இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். தாயகம் திரும்பியோர் எனப்பட்ட அவர்கள் வந்திறங்கியது அவர்தம் முன்னோர் அறியாத நிலம்.

மீண்டும் கோபிநத்தம்

இவ்வொளியில் கோபிநத்தத்தை நோக்கினால், அதன் நிலை பெங்களூர்த் திகளரினின்றும் மலையகத்தாரினின்றும் வேறுபடுவது புலனாகும். இவ்வூரார் நிலத்தை இழக்கவில்லை; முதற்பொருள் அவர்களிடமே உள்ளது. அவர்கள் இழந்தது தம் ஊரின் கதையைத் தாமே கூறும் வாய்ப்பை. 1990களில் இருமாநில அதிரடிப்படையின் தேடுதல் வேட்டை இப்பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. அத்துமீறல்கள் குறித்த புகார்களை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதியரசர் சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே கொல்லப்பட்டபின், ஊரின் பெயர் திரைப்படங்களாலும் தொடர்களாலும் பரவியது. கருநாடக அரசின் வனச்சுற்றுலா நிறுவனம் இவ்வூரில் தொடங்கிய முகாமின் பெயரில் மர்மம் என்னும் பொருள்தரும் சொல் இடம்பெற்றது. நகரவாசி அங்குச் செல்வது ஒரு மனிதரின் கதையைத் தேடி. பெங்களூரில் திகளர் நகரத்துள் நடந்து தம் கதையை நிகழ்த்துகின்றனர்; கோபிநத்தத்தில் நகரம் காட்டுக்குள் வந்து தன் கதையை நிகழ்த்திச் செல்கிறது. இரண்டிலும் நினைவும் இடமும் உண்டு. யார் நடக்கிறார், யார் பார்க்கிறார் என்பது மாறிவிட்டது.

ஆயினும் நினைவைக் கடனாகக் கொள்ளும் முறை இவ்வூரிலும் இல்லாமற் போகவில்லை. ஆந்திரத்தின் ராஜமகேந்திரவரத்தைச் சேர்ந்த வனத்துறை அலுவலர் பி. சீனிவாஸ், வீரப்பனைப் பிடிக்கும் பொறுப்பில் வந்து, கோபிநத்தத்து மக்களிடையே தங்கிப் பணியாற்றினார். அவர்களுக்கென மாரியம்மன் கோயிலொன்று எழ முன்னின்றார். 1991 நவம்பர் 10 அன்று வீரப்பனால் கொல்லப்பட்டார். அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது. அவர் மொழியால் வேற்றவர், மண்ணால் வேற்றவர், அரசின் ஆளாக வந்தவர். அவருடைய படத்தை மாரியம்மன் கோயிலில் தெய்வப் படங்களோடு வைத்து ஊரார் போற்றிவருகின்றனர். சுற்றுலா முகாமின் பெயர் காட்டில் மறைந்திருந்தவரைச் சுட்ட, கோயிலுக்குள் இருப்பது ஊரில் வந்து தங்கியவரின் படம்.